ஆசைப்படும் கேம்களில் எதைக் கையில் எடுப்பது?

"இப்படி ஒரு கேம் யாராவது செய்ய மாட்டார்களா?" என்று ப்ளேயர்கள் ஏங்குவதைக் கொஞ்ச நாள் கவனித்தால் ஒன்று புரியும். ஆசைகள் ஆயிரம் இருந்தாலும் வகைகள் ஆறேழுதான். எல்லாமே செய்யக்கூடிய பிரமாண்ட உலகம். கம்பெனி கைவிட்ட பழைய கேமுக்கு ஒரு வாரிசு. நம்மை ஞாபகம் வைத்துப் பழிவாங்க வரும் எதிரி. ஒரே ஒரு தெருதான், ஆனால் உயிரோடு இருக்கும் தெரு. அம்புக்குறி காட்டாமல் நம் மூளையை நம்பும் துப்பறியும் கேம். வாய்க்கு வந்ததைப் பேசினாலும் பொருத்தமாகப் பதில் சொல்லும் பாத்திரங்கள். கேமே ஆடிப் பழகாத ஒருவரோடு சேர்ந்து ஆட ஒரு கேம்.

இவற்றில் ஒன்றை எடுத்துச் செய்யலாமா என்று யோசிக்கும் சிறு குழுவுக்காக இதை எழுதுகிறேன். ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை. வருமானம் இல்லாமல் இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கக்கூடியவர்கள். முந்நூறு பேர் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். கேட்பதற்குக் காசு ஆகாது, அதனால் பெரிய ஆசைக்குத்தான் எப்போதும் கூட்டம் அதிகம். நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஆசையின் மையம் சுவாரசியமாக இருக்கிறதா என்பதை எவ்வளவு சீக்கிரம் சோதித்துவிட முடியும்? ப்ளேயர் ஆடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நாம் எவ்வளவு உழைத்துக் கொட்ட வேண்டும்?

பிரமாண்ட உலகம்

இதைச் சட்டென்று ஒதுக்கிவிடலாம். விண்கலத்தில் பறக்கணும், இறங்கி நடக்கணும், வியாபாரம் பண்ணணும், கூட்டமாகச் சண்டை போடணும் என்ற ஆசையைச் சொல்லித்தான் ஸ்டார் சிட்டிசன் 2012-இல் பணம் திரட்ட ஆரம்பித்தது. 70 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்தது. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் முழு வெளியீடு வரவில்லை. நோ மேன்ஸ் ஸ்கை வேறு வழியில் போனது. சிறிய குழு, கணித முறையில் தானாக உருவாகும் சுமார் 1.8 லட்சம் கோடி கோடி கோள்கள். 2016-இல் வெளியானபோது கிளம்பிய பெரிய குறைகளில் ஒன்று, கோள்கள் எக்கச்சக்கம், அங்கே செய்ய வேலைதான் இல்லை என்பது. அப்புறம் வருடக்கணக்கில் இலவச அப்டேட் கொடுத்து அந்தப் பெயரை மாற்றினார்கள். முதல் நாள் விற்பனையில் கிடைத்த பணம் இல்லாமல் அது நடந்திருக்காது. உங்களிடம் அந்தப் பணமும் இருக்காது, அந்த மன்னிப்பும் கிடைக்காது.

இந்த ஆசையில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. "எல்லாக் கட்டடத்துக்குள்ளும் போக முடியணும்" என்று கேட்பவரை எரிச்சலூட்டுவது, சுவரில் வரைந்து வைத்த போலிக் கதவு. நாற்பதாயிரம் கதவு வேண்டும் என்று அவர் கணக்குப் போடுவதில்லை. எட்டே கதவு இருந்து எட்டும் திறந்தால் அவருக்குப் பாதி திருப்தி. தெருவைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

கைவிடப்பட்ட கேமுக்கு வாரிசு

கணக்குப் பார்த்தால் இதுதான் பத்திரமான வழி என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆதாரமும் வலுவாகத்தான் இருக்கிறது. எரிக் பரோன் தனி ஆளாக நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமைச் செய்து 2016-இல் வெளியிட்டார். ஓவியம், இசை, புரோகிராமிங், வசனம் எல்லாம் அவரே. ஹார்வெஸ்ட் மூன் என்ற பழைய விவசாய கேம் வரிசை தனக்குப் பிடித்த பாதையை விட்டு விலகிப் போய்விட்டது என்ற ஆதங்கத்தில் ஆரம்பித்த வேலை அது. 4 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ் இன்னொரு உதாரணம். 2013-இல் வந்த சிம்சிட்டி என்ற ஊர் கட்டும் கேமுக்கு அப்போது எந்நேரமும் இணையம் வேண்டியிருந்தது. வெளியான வாரத்தில் சர்வர்கள் திணறின. ஊர் கட்டக் கிடைத்த இடமும் குறுகல். இரண்டு வருடம் கழித்து, பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு ஃபின்லாந்து குழு, இணையம் தேவையில்லாத, இடம் தாராளமான, மாட் (ப்ளேயர்களே செய்யும் கூடுதல் மாற்றங்கள்) போட்டு மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கேமைக் கொண்டுவந்து வைத்தது.

இரண்டிலும் ப்ளேயர்களின் குறை மிகத் துல்லியமாக இருந்ததைக் கவனியுங்கள். "இது இல்லை, அது சிறுசு, இதைக் கட்டாயப்படுத்துகிறார்கள்" என்ற புகார்ப் பட்டியலே பாதித் திட்ட அறிக்கை. புகார் மங்கலாக இருந்தால் இந்த வழி ஆபத்து. "அந்தக் காலத்து கேம் மாதிரி இப்போ எதுவும் வருவதில்லை" என்பது புகார் அல்ல, ஏக்கம். ஏக்கத்தோடு போட்டி போட முடியாது. அவர்கள் ஒப்பிடுவது பழைய கேமோடு அல்ல, பன்னிரண்டு வயதில் அதை ஆடிய தங்களோடு.

பழைய கேமில் பெயர் வாங்கியவரே வந்தால்கூட உத்தரவாதம் கிடையாது. மெகா மேன் வரிசையிலிருந்து வந்தவர் முன்னின்ற மைட்டி நம்பர் 9, 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 38 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, பலமுறை தள்ளிப்போய், 2016-இல் வந்து ஏமாற்றியது. காஸல்வேனியா வரிசையிலிருந்து வந்தவரின் பிளட்ஸ்டெய்ண்ட், 2015-இல் 55 லட்சம் டாலர் திரட்டி, 2019-இல் வந்து ஆதரவாளர்களைத் திருப்திப்படுத்தியது. வழி ஒன்றுதான், முடிவு நேரெதிர்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டின் விதிகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதன் தோற்றத்துக்கும் வெளிப்பாட்டுக்கும் உண்டு. டெட்ரிஸ் போலவே மினோ என்று ஒரு கேம் வந்தது தொடர்பான வழக்கில் 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது இதைத்தான். துண்டுகளின் வடிவம், பலகையின் அளவு, தோற்றம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்ததால் மினோ தோற்றது. பழைய கேமின் நடையை எடுத்துக்கொள்ளலாம், முகத்தை எடுக்கக் கூடாது.

ஞாபகம் வைத்திருக்கும் எதிரி

2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரை ஆடியவர்களுக்கு இது புரியும். உங்களைக் கொன்ற சாதாரண ஓர்க் (அரக்க இனம்) சிப்பாய்க்குப் பதவி உயர்வு கிடைக்கும், பெயர் வரும். அடுத்த முறை சந்திக்கும்போது போன தடவை நடந்ததைச் சொல்லிக் கேலி பண்ணுவான். தீயில் தள்ளிவிட்டுப் போனால் தழும்போடு திரும்பி வருவான். கதை எழுத்தாளர் எழுதாத பகை அங்கே தானாக முளைத்தது. "இதை ஏன் வேறு யாரும் செய்யவில்லை?" என்று அன்று ஆரம்பித்த கேள்வி இன்றும் ஓயவில்லை.

ஒரு காரணம் காப்புரிமை. வார்னர் நிறுவனத்துக்கு அது 2021-இல் கிடைத்தது, 2036 வரை செல்லும். அந்த கேமை உருவாக்கிய மோனோலித் ஸ்டூடியோவையே 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். காப்புரிமை மட்டும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. லோடிங் நேரத்தில் குட்டி கேம் காட்டும் யோசனையை நாம்கோ இப்படித்தான் 1995-இலிருந்து 2015 வரை பிடித்து வைத்திருந்தது. அது காலாவதியாகிச் சில வருடத்தில் லோடிங் திரைகளே குறைய ஆரம்பித்துவிட்டன. வயிற்றெரிச்சல்தான்.

"எதிரிக்கு ஞாபகம்" என்ற பொதுவான யோசனையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. காப்புரிமை குறிப்பிட்ட ஒரு அமைப்பைத்தான் காக்கிறது. ஆனால் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்க ஒரு வக்கீல் வேண்டும், அவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு ஓவியருக்கு ஆறு மாதம் சம்பளம் கொடுக்கலாம். அது போக, ஞாபகத்துக்கு வசனம் வேண்டும். இருபது எதிரிகள், ஆளுக்கு ஆறு விதமான முன்கதை, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி என்று வைத்தால்கூட 360 வரி. மூன்றாவது மணி நேரத்திலேயே ப்ளேயர் கேட்ட வரியை மறுபடி கேட்பார், மாயம் கலைந்துவிடும். சிறு குழுவுக்கு இது வேண்டாம் என்பது என் எண்ணம். ஞாபகம் என்ற சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போர்ப்படை இல்லாத இடத்துக்குப் போனால் நல்லது. அதாவது, தெருவுக்கு.

ஒரே ஒரு தெரு

டியஸ் எக்ஸ் கேமின் இயக்குநர் வாரன் ஸ்பெக்டர் பல வருடமாகச் சொல்லிவந்த கனவு இது: ஒரு நகரத்தின் ஒரே ஒரு பிளாக்கை முழு ஆழத்தோடு ஒரு ஆர்பிஜியாக (ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் கேமாக) செய்ய வேண்டும். அளவு சிறியது என்பதால் வேலையும் சிறியது என்று தோன்றும். ஏமாந்துவிடக் கூடாது.

முப்பது பேர் வாழும் தெரு என்று வைத்துக்கொள்வோம். இருவர் இருவராகப் பார்த்தால் 435 உறவுகள். யார் யாருக்குக் கடன், யார் யாரை வெறுக்கிறார் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஏதாவது இருந்தால்தான் தெரு உயிரோடு இருக்கும். பன்னிரண்டு பேராகக் குறைத்தால் 66 உறவுகள்தான். ஒரு சுவரில் ஒட்டி வைத்துக் கண்ணால் பார்க்கக்கூடிய எண்ணிக்கை இது. நான் பன்னிரண்டைத் தாண்ட மாட்டேன்.

அடுத்தது நேரம். பாத்திரங்களுக்கு அன்றாட அட்டவணை கொடுப்பது 1992-இல் அல்டிமா 7 செய்து காட்டிய வித்தை. அட்டவணை எழுதுவது சுலபம், அது உடையும்போது என்ன ஆகும் என்பதில்தான் வேலை. காவலாளியிடம் இருக்கும் சாவியை ப்ளேயர் ஒளித்து வைத்துவிடுகிறார். தையற்காரர் கடையைத் திறக்க முடியவில்லை. கோட்டு வாங்க வந்த பெண் வெறுங்கையோடு திரும்புகிறாள், மாலை விருந்துக்குப் போவதில்லை. விருந்தில் அவளிடம் உண்மையைச் சொல்லக் காத்திருந்தவன் யாரிடமும் சொல்லவில்லை. ப்ளேயருக்கு இது சொர்க்கம். உங்களுக்கு, விருந்துக் காட்சியை அவள் இல்லாமல் இன்னொரு முறை எழுத வேண்டும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மூன்றாவது முறை.

இந்தக் கிளைகளைக் கட்டிப்போட எனக்குத் தெரிந்து சிறந்த கயிறு, நாளை மீண்டும் மீண்டும் சுற்றவிடுவது. 2000-இல் வந்த மஜோராஸ் மாஸ்க் மூன்றே நாளைச் சுற்றியது. முந்தைய கேமான ஓக்கரினாவின் உருவங்களையே திரும்பப் பயன்படுத்தி, அந்த மூன்று நாளுக்குள் ஒவ்வொருவரும் எங்கே போகிறார், எதற்கு அழுகிறார் என்பதில் உழைப்பைப் போட்டார்கள். 2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் 22 நிமிடச் சுற்றுக்குள் ஒரு சூரியக் குடும்பத்தையே அடக்கியது. ஒரு மாணவரின் முதுகலை ஆய்வுத் திட்டமாகத்தான் அது பிறந்தது. சுற்று முடிந்ததும் உலகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உடைந்த அட்டவணையை அடுத்த வாரம் வரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ப்ளேயரின் தலையில் இருக்கும் அறிவு மட்டும் மிஞ்சும்.

கணினியே மனிதர்களை உருவாக்கட்டும் என்று விடுவது எதிர்த் திசை. ஷேடோஸ் ஆஃப் டவுட் ஒரு நகரத்தையே அப்படி உருவாக்குகிறது. ஒவ்வொருவருக்கும் வீடு, வேலை, கைரேகை எல்லாம் உண்டு. அதன் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் பத்து வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு பத்துப் பேரும் ஒரே ஆள் மாதிரி பேசுவது காதில் உறுத்த ஆரம்பிக்கும். தெருவை ஆசைப்பட்டவர் கேட்டது மனிதர்களை, முகவரிகளை அல்ல.

துப்பறியும் கேம்

என் ஓட்டு இதற்குத்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆசை எளிமையானது: "நானே கண்டுபிடிக்கணும்." பெரும்பாலான துப்பறியும் கேம்களில் ஒளிரும் பொருளைத் தொட்டதும் பாத்திரமே "ஆஹா, கொலைகாரன் இடதுகைக்காரன்!" என்று சொல்லிவிடும். ப்ளேயருக்கு மிஞ்சுவது பட்டனை அழுத்தும் வேலை. இதைச் சரிசெய்ய நினைத்தால் உடனே ஒரு முட்டுச்சந்து வரும். ப்ளேயர் கண்டுபிடித்துவிட்டார் என்று கேமுக்கு எப்படித் தெரியும்? நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்.

இந்த முட்டுச்சந்தை மூன்று கேம்கள் மூன்று விதமாகத் தாண்டின. லூகாஸ் போப்பின் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னில் (2018) ஒரு கப்பலின் 60 பேருக்கு என்ன ஆனது என்று எழுத வேண்டும்: இவர் பெயர் என்ன, எப்படிச் செத்தார், யார் கொன்றது. மூன்று பேருடைய கதி முழுதாகச் சரியான பிறகுதான் கேம் "சரி" என்று சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு மூன்று பெயர், நாலு சாவு விதம் என்று சந்தேகம் இருந்தால் 12 வாய்ப்பு. தனியாகச் சோதிக்க முடிந்தால் 12 முறை அழுத்தினால் போதும். மூன்று பேரைச் சேர்த்துச் சோதித்தால் 1,728. யூகம் செத்துப்போகிறது. அதே சமயம் இரண்டு பேரை உறுதியாகத் தெரிந்தவர் மூன்றாவது ஆளைக் கொஞ்சம் யூகிக்கலாம். இந்தச் சின்னச் சலுகைதான் கேமை இறுக்கமாக்காமல் வைக்கிறது. பெயரைப் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். தொங்கு படுக்கையின் எண்ணைப் பார்த்து மாலுமிகளின் பட்டியலோடு பொருத்த வேண்டியிருக்கும். அது பொருந்தும் நொடியில் வரும் சந்தோஷம் முழுக்க உங்களுடையது.

தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல் (2022) வேறு மாதிரி. காட்சியிலிருந்து சொற்களைச் சேகரித்து, நடந்ததைச் சொல்லும் பத்தியில் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். தப்பு அதிகமானால் மௌனம். இரண்டு அல்லது அதற்குக் குறைவான இடம்தான் தவறு என்ற நிலை வந்தால் மட்டும் அதைச் சொல்லும். சாம் பார்லோவின் ஹெர் ஸ்டோரி (2015) விடையையே கேட்பதில்லை. விசாரணை வீடியோக்களில் நீங்கள் தட்டச்சு செய்யும் சொல் வரும் துண்டுகளைக் காட்டும், அதுவும் முதல் ஐந்தை மட்டும். மீதியைப் பார்க்க இன்னும் துல்லியமான சொல்லை யோசிக்க வேண்டும். அந்த ஐந்து என்ற வரம்புதான் அங்கே பூட்டு.

மூன்றுமே ஒருவரோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோ மையமாக இருந்து செய்தவை. மூன்றிலும் காட்சி அமைப்பு எளிமையானது. ஓப்ரா டின் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகளாலேயே ஆனது. இரண்டு அளவுகோலிலும் இந்த ஆசை தேறுகிறது. சோதிக்க கணினியே வேண்டாம். ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தேவை பெரிய நிலப்பரப்பு அல்ல, யோசிக்க வைக்கும் ஒரே ஒரு அறை. ப்ளேயர் ஒரு படத்தை இருபது நிமிடம் உற்றுப் பார்க்கிறார் என்றால் அந்த இருபது நிமிடத்துக்கு நீங்கள் வரைந்தது ஒரு படம்.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். ஒரு முறை தீர்த்தால் தீர்ந்தது. மறுபடி ஆட மாட்டார்கள். ஸ்டார்டியூ மாதிரி வருடக்கணக்கில் விற்பது கடினம். இன்னொன்று, ஒளிபரப்பில் யாராவது முழுதாக ஆடிக் காட்டிவிட்டால் பார்த்தவருக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கூடவே, எளிமையாகத் தெரிகிறது என்று நினைத்து நேரத்தைக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். ஓப்ரா டின்னுக்கு நாலு வருடத்துக்கு மேல் ஆனது.

மீதி இரண்டு

வாய்க்கு வந்ததைப் பேசும் கேம் புது ஆசை அல்ல. 2005-இலேயே ஃபசாட் வந்தது. ஒரு தம்பதியின் வீட்டில் ஒரு சந்திப்பு, ஆட்டம் இருபது நிமிடம். நாம் தட்டச்சு செய்வதற்கேற்ப அவர்கள் சண்டை திரும்பும். அதைச் செய்ய இருவருக்கு ஐந்து வருடம் பிடித்தது. இப்போது மொழி மாடல் (சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ) வைத்தால் பேச்சு சரளமாக வந்துவிடும். ஆனால் பாத்திரம் "சாவி கிணற்றில் இருக்கிறது" என்று அளந்துவிட்டால் கேமில் கிணறே இருக்காது. பேச்சுக்கும் உலக நிலைக்கும் முடிச்சுப் போடத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் மட்டும் தொடுங்கள். சர்வர் செலவையும் முதல் நாளே எழுதி வையுங்கள்.

கேம் ஆடாதவரோடு ஆடும் கேமை எல்லாரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ் (2015) ஒரு கேம் ஜாமில் (ஓரிரு நாளில் கேம் செய்து பார்க்கும் நிகழ்ச்சியில்) பிறந்தது. ஒருவர் கண்ணுக்கு வெடிகுண்டு மட்டும் தெரியும்; மற்றவர் கையில் அச்சிட்ட கையேடு மட்டும். கையேட்டைப் பிடித்தவருக்கு கண்ட்ரோலரே தேவையில்லை. இரண்டாவது ஆளின் கையிலிருந்து கண்ட்ரோலரைப் பிடுங்கியதுதான் அதன் சூட்சுமம். மூன்று மாதத்தில் ஏதாவது ஒன்றை முடித்துப் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல ஆசை இல்லை.

எனவே என் வரிசை இது. தனி ஆள் அல்லது இருவர், எழுத்தும் புதிரும் கைவரும் என்றால் துப்பறியும் கேம். நாலைந்து பேர், அதில் ஒருவர் பக் வேட்டையில் பொறுமைசாலி என்றால் பன்னிரண்டு பேர் தெரு, அதுவும் சுற்றும் நாளோடு. ஒரு பழைய கேமின் குறைகளைத் தூக்கத்தில் கேட்டாலும் பத்து நிமிடம் விடாமல் சொல்வீர்கள் என்றால் வாரிசு. ஞாபகக்கார எதிரியும் பிரமாண்ட உலகமும் மற்றவர்களுக்கு.

துப்பறியும் கேமைத் தேர்ந்தெடுத்தால் புரோகிராம் எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். பன்னிரண்டு அட்டையில் பன்னிரண்டு தடயம் எழுதி, விடை தெரியாத ஒருவர் முன் பரப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் விடையைச் சொன்னால் எந்த அட்டையால் தெரிந்தது என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த அட்டையைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டினால், அந்த வேறொன்றை முதலில் திருத்த வேண்டும். மூன்று பேர் மூன்று வழியில் அதே விடைக்கு வந்தால் எஞ்சினை (கேம் செய்யும் மென்பொருளை) திறக்கலாம்.